ஒரு விநாடியை 24 ஆகப் பிரிக்கும் படிப்பு

தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைகளின் முகப்பெங்கும் விளக்குச் சரங்கள் தொங்கும். சில சரங்களில் ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். உண்மையில் அங்கே எதுவும் ஓடவில்லை. ஒரு விளக்கு அணைகிறது, பக்கத்து விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். ஓட்டம் நடப்பது உங்கள் மூளைக்குள்.

நீங்கள் பார்த்து வளர்ந்த உப்பின் இப்பின், போபோய்போய், ஏஜென் அலி எல்லாம் மூளையின் இந்த வேலையை நம்பித்தான் உருவாகின்றன. அதைத் தெரிந்து பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் படிப்பே அனிமேஷன்.

எஸ்.பி.எம். முடித்தவுடன் "அனிமேஷன் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "பொம்மைப் படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். "எந்த மென்பொருள் சொல்லித் தருவார்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், அந்த வகுப்பறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். ஆகவே, நீங்கள் அதில் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்.

கண்ணா, மூளையா?

அனிமேஷனுக்குக் காரணம் "பார்வை நிலைப்பு" என்று பழைய புத்தகங்கள் சொல்லும். கண் ஒரு படத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கிறது, அதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது என்பது அந்த விளக்கம். இது முழு உண்மையன்று. வெறுமனே பழைய படம் கண்ணில் தங்குவதுதான் காரணம் என்றால், ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்த மங்கலான படங்களைத்தான் நாம் பார்ப்போம். அசைவைப் பார்க்க மாட்டோம்.

1912-ஆம் ஆண்டு மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் தமது ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். அவர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்த இடங்களில் மாறி மாறிக் காட்டினார். இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தபோது, முதலில் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இடைவெளியை மிகவும் குறைத்து ஆயிரத்தில் 30 பங்காக்கியபோது இரண்டும் சேர்ந்து தெரிவதாகச் சொன்னார்கள். ஆனால் ஏறக்குறைய ஆயிரத்தில் 60 பங்கு இடைவெளியில், "ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்கிறது" என்றார்கள். இரண்டு படங்களுக்கு நடுவில் இல்லாத அசைவை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் 'ஃபிரேம்' என்பார்கள். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலி சீராகக் கேட்க வேகமும் சீராக இருக்க வேண்டியதாயிற்று. அப்போது நிலைபெற்றதுதான் இந்த 24. கையால் வரைபவர்கள் பல நேரங்களில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்போது விநாடிக்கு 12 படங்கள் போதும். மீதியைப் பார்ப்பவரின் மூளை பார்த்துக்கொள்ளும்.

முதல் பாடம்: ஒரு பந்து

கணினியைத் திறந்து கதாநாயகனை உருவாக்கலாம் என்ற ஆசையோடு வகுப்புக்குப் போகிறீர்கள். அங்கே உங்களுக்குக் கொடுக்கப்படுவது ஒரு பந்து. "இது விழுந்து எழும்பட்டும்" என்பதுதான் முதல் பயிற்சி. உலகம் முழுவதும் அனிமேஷன் வகுப்புகளில் இதுவே அரிச்சுவடி.

சுலபம் என்று நினைத்து, பந்தைச் சம இடைவெளிகளில் வரைகிறீர்கள். ஓட விட்டால் பந்து விழவில்லை. கயிறு கட்டி இறக்கியதுபோல் மெதுவாக இறங்குகிறது. எங்கே தவறு?

விடை உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. விழும் பொருளின் வேகம் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து பந்து தரையைத் தொட அரை விநாடி ஆகும். அது 12 ஃபிரேம். ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்றால் 6 படங்கள். அந்த உயரத்தை 36 சம பாகங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் பந்து 1 பாகம் இறங்க வேண்டும். அடுத்தடுத்த படங்களில் 3, 5, 7, 9, 11 பாகங்கள். கூட்டினால் 36. ஒற்றைப்படை எண்களின் இந்த வரிசை கலிலியோ கண்டது. அப்படி வரைந்தால் பந்து உண்மையாகவே விழும்.

பந்து தரையில் பட்டு மேலே எழும்பும்போது உயரம் குறையும், காற்றில் இருக்கும் நேரமும் குறையும். உயரம் கால் பங்கானால் நேரம் பாதியாகும். இந்தக் கணக்கு தப்பினால், பார்ப்பவருக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் "ஏதோ சரியில்லை" என்று தோன்றும். பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்து அவருடைய மூளை அதைக் கற்று வைத்திருக்கிறது.

இதே கணக்கு அளவையும் காட்டிக்கொடுக்கும். பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு பந்து விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொட ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அதாவது 71 ஃபிரேம். அதை 12 ஃபிரேமில் விழ வைத்தால், நீங்கள் எவ்வளவு பெரிதாக வரைந்திருந்தாலும் அது மேசையிலிருந்து விழும் பொம்மைபோல்தான் தெரியும். பொருள் எவ்வளவு பெரியது என்பதை நமக்குச் சொல்வதில் நேரத்துக்கும் பங்கு உண்டு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வகுப்பு

பந்துக்குப் பிறகு நடை. மனிதர் சாதாரணமாக நடக்கும்போது ஓர் அடிக்கு ஏறக்குறைய அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம். ஒவ்வோர் அடியிலும் நான்கு முக்கிய நிலைகள் உண்டு. குதிகால் தரையைத் தொடும் நிலை, உடல் கீழே அமுங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் மேலே உயரும் நிலை. இந்த நான்கையும் சரியாகப் பிடித்துவிட்டால் இடைப்பட்ட படங்களைப் போடலாம்.

நிலைகள் சரியாக இருந்தும் உங்கள் கதாபாத்திரம் காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தால், அதற்கு எடை இல்லை என்று பொருள். எடையைப் புத்தகத்தில் கற்க முடியாது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். ஓவியப் புத்தகத்தோடு கேஎல் சென்ட்ரல் நிலையத்திலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வலக்கையில் கனமான பை வைத்திருப்பவர் இடப்பக்கம் சாய்ந்து நடப்பார். அவருடைய உடலும் பையும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் விழுந்துவிடுவார். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயும் இதையேதான் செய்கிறார்.

பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களையும் அங்கே பார்க்கலாம். பயிற்சி பெற்றவர் நடையில் ஒரு தாளம் இருக்கும். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொடும். இடது கால் போகும்போது வலப்பக்கம் தொடும். அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடுகிறது. இந்தக் காரணம் தெரியாமல் வரைபவர் கோலை ஒரு குச்சியாக மட்டும் ஆட்டுவார். காரணம் தெரிந்தவர் வரைந்தால் அந்த மனிதர் யோசித்து நடப்பது தெரியும். ஒன்றை மறக்க வேண்டாம். யாரையும் கேட்காமல் கைப்பேசியில் படமெடுப்பது முறையன்று. கண்ணால் பார்த்து வரையுங்கள். நினைவிலும் நன்றாகப் பதியும்.

வாயசைவும் தொல்காப்பியமும்

அடுத்தது பேச்சு. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. கதாபாத்திரம் தமிழ் பேச 247 வாய்களை வரைய வேண்டுமா? வேண்டாம். வெளியே தெரியும் வாய் வடிவங்கள் சுமார் பத்து இருந்தால் போதும்.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். ப, ம இரண்டுக்கும் இதழ்கள் ஒட்டுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வ சொல்லும்போது மேற்பல் கீழிதழைத் தொடுகிறது. உ, ஊ, ஒ, ஓ வரும்போது இதழ்கள் குவிகின்றன. ஆ வந்தால் வாய் திறக்கிறது. ட, ண, ள, ழ போன்றவற்றுக்கு நாக்குதான் உள்ளே வேலை செய்கிறது, வெளியே பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

இந்தப் பகுப்பு புதியதன்று. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்ற பகுதி எந்த ஒலி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. இதழ் சேர்வதும், பல்லும் இதழும் சேர்வதும், இதழ் குவிவதும் அங்கே வரிசையாக இருக்கின்றன. அனிமேஷன் வகுப்பில் ஆங்கில ஒலிகளுக்கான வாய்ப் படங்களைக் கொடுப்பார்கள். தமிழுக்கு அதேபோல் ஓர் அட்டவணை வேண்டுமானால், நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் இலக்கண வகுப்புதான்.

மாத்திரையும் உதவும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. "அம்மா" என்பது 1, ½, 2. பேச்சில் நேரம் இப்படியே துல்லியமாக அமையாது என்றாலும், 'மா' நீண்டு ஒலிக்க வேண்டும், 'அ' சட்டென்று முடிய வேண்டும் என்பது விளங்கிவிடும். இடையில் இதழ்கள் ஒட்டும் இடத்தைக் குறைந்தது இரண்டு ஃபிரேமாவது நிறுத்தி வைப்பார்கள். அந்த இரண்டு ஃபிரேம் தவறினால், காதில் "அம்மா" என்று கேட்டாலும் கண் நம்பாது.

சொல்லித்தர ஆளில்லாத காலம்

இன்று சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், ஷா ஆலம் பூஞ்சாக் பெர்டானாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக்கழகம் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதைப் படிக்கப் பல வழிகள் உள்ளன. ஒரு காலத்தில் எதுவுமே இல்லை.

நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம் "ஹிக்காயாட் சாங் கஞ்சில்". சருகுமானின் கதை. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கிய ஃபிலெம் நெகாரா என்ற அரசாங்கத் திரைப்பட நிறுவனத்தில் அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அவர் அங்கே படப்பிடிப்பு அரங்குகளை வடிவமைப்பவராக இருந்தவர். 1978-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் படம் 1983-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அதே நிறுவனத்தில் பணியாற்றி, தாமாகவே அனிமேஷன் கற்றுக்கொண்டவர் ஹசான் முத்தலிப். மலேசியாவின் முதல் முழுநீள அனிமேஷன் படமான "சீலாட் லெகெண்டா"வை 1998-இல் இயக்கியவர் அவர்தான். மலேசிய அனிமேஷனின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள்.

அந்தக் காலத்து வேலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அசைவையும் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். அதை ஒளி ஊடுருவும் தகட்டில் மையால் படியெடுக்க வேண்டும். தகட்டின் பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். பின்னணி ஓவியத்தின் மேல் தகட்டை வைத்து, மேலே பொருத்திய கேமராவால் ஒரு ஃபிரேம் எடுக்க வேண்டும். பிறகு அடுத்த தகடு. ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்றாலும் 720 ஓவியங்கள். தகடு ஊடுருவித் தெரிவதால் பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும் என்பது ஒன்றே சலுகை.

இறுதியாண்டுக் குறும்படம்

இப்போது கணினி வந்துவிட்டது, சிரமம் போய்விட்டதா? இறுதியாண்டு மாணவர்களைக் கேளுங்கள்.

இறுதியாண்டில் பெரும்பாலும் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். முதலில் கதை. பிறகு காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு. அந்தக் கட்டங்களை ஒலியோடு சேர்த்து நேரப்படி ஓட விட்டு, படம் எவ்வளவு நீளம் வரும், எங்கே அலுக்கும் என்று சோதிப்பார்கள். அதன் பிறகே உருவங்களைக் கணினியில் வடிப்பது, உள்ளே எலும்புக்கூடு பொருத்துவது, அசைப்பது, ஒளி அமைப்பது, ஒலி சேர்ப்பது.

கடைசியில் ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி கணக்கிட்டு உருவாக்க வேண்டும். அதை 'ரெண்டர்' செய்வது என்பார்கள். முழு எச்டி படத்தில் அகலம் 1,920 புள்ளிகள், உயரம் 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, எவ்வளவு நிழல் விழுகிறது என்று கணக்கிட வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிடப் படத்தில் 4,320 ஃபிரேம். மொத்தம் 43,200 நிமிடம், அதாவது 720 மணி நேரம். ஒரே கணினி இரவு பகலாக ஓடினால் 30 நாள். ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிழல் தப்பாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்? 30 கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஒரு நாளில் முடியும். கூடத்தில் அத்தனை கணினிகள் கிடைக்காவிட்டால்? கதையைக் குறைக்க வேண்டியதுதான்.

குறும்படம் குறுகியதாக இருப்பதன் காரணம் இதுதான். எதைக் காட்டாமல் விடலாம் என்று முடிவெடுப்பதே இந்தப் படிப்பின் கடினமான பாடம். மூன்று வாரம் உழைத்த காட்சி கதைக்குத் தேவையில்லை என்று தெரிந்தால், அதை வெட்டத் துணிவு வேண்டும். வெட்டச் சொல்லும் குழுத் தோழரோடு சண்டை போடாமல் இருக்கப் பொறுமையும் வேண்டும்.

சிறியதைச் செய்து பெரியதைப் பழகுவது தொழிலிலும் உண்டு. 2005-இல் தொடங்கிய லெஸ் கொபாக் நிறுவனத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று இளைஞர்களும் இருந்தனர். அவர்களின் இலக்கு ஒரு முழுநீளப் படம். அதற்கு முன்னால் மக்கள் இதை விரும்புகிறார்களா என்று பார்க்க, 2007 ரமலான் மாதத்துக்கென்று ஆறு சிறிய பகுதிகளைத் தயாரித்தார்கள். அதுதான் உப்பின் இப்பின். ராஜூவும் முத்து அங்கிளும் வாழும் அந்தக் கம்பத்தை இன்று யாருக்குத் தெரியாது? முழுநீளப் படமான "கெங்" 2009 பிப்ரவரியில் வந்தது. முப்பரிமாணக் கணினி அனிமேஷனில் அது நாட்டின் முதல் முழுநீளப் படம். பின்னர் அந்த மூவரில் நிஸாம் ரசாக் போபோய்போயையும் உசாமா ஸைட் ஏஜென் அலியையும் உருவாக்கும் நிறுவனங்களைத் தொடங்கினார்கள்.

பிழைக்க முடியுமா?

பெற்றோரின் கேள்விக்கு வருவோம். வேலை உண்டு. திரைப்படம், விளம்பரம், கணினி விளையாட்டு, கட்டடக் கலை, மருத்துவப் பாடக் காணொளி எனப் பல துறைகள் அனிமேஷன் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஆனால் இது உறுதியான நாற்காலி அன்று. புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் புலியோடு கடலில் தவிக்கும் "லைஃப் ஆஃப் பை" படத்துக்குக் கணினியில் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஒரு கிளை இருந்தது. 2013 பிப்ரவரியில் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதை வென்றது. அதே மாதம்தான் அமெரிக்காவில் அந்த நிறுவனம் திவாலானதாக நீதிமன்றத்தை நாடியது. உலகிலேயே சிறந்த வேலையைச் செய்தாலும் தொழில் தள்ளாடலாம். இதைத் தெரிந்துகொண்டு வருபவருக்கே இத்துறை ஏற்றது.

அதனால்தான் ஒரு மென்பொருளை மட்டும் நம்பி வரக்கூடாது. மென்பொருள் மாறும், நிறுவனமும் மாறும். பந்து விழும் கணக்கு மாறாது. எடை சுமப்பவர் சாயும் திசையும் மாறாது. இயற்பியல், கணிதம், காட்சிக்கலை, தமிழ் நான்கையும் இப்போதே ஒழுங்காகப் படிப்பவர், அனிமேஷன் படிப்பின் முதலாண்டைப் பாதி கடந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

செய்து பாருங்கள்

இந்த வாரக் கடைசியில் ஒரு சோதனை. ஒரு 20 சென் நாணயம், ஓர் அளவுகோல், ஒரு கைப்பேசி போதும். மேசையில் வெள்ளைத் தாள்களை 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, கைப்பேசி அசையாதபடி மேலிருந்து கீழே பார்க்குமாறு வையுங்கள். உயரம் போதாமல் தாள் முழுவதும் படத்தில் அடங்காவிட்டால் இன்னும் சில புத்தகங்களை அடுக்குங்கள்.

நாணயத்தைத் தொடக்கப் புள்ளியில் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு 6, 6, 6, 6, 6, 6 சென்டிமீட்டர் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம். இரண்டாவது தொகுப்பில் 1, 3, 5, 7, 9, 11 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். இரண்டிலும் மொத்தம் 36 சென்டிமீட்டர், ஏழே படங்கள். ஏதாவது ஓர் இலவச ஸ்டாப் மோஷன் செயலியில், விநாடிக்கு 12 படம் என்ற வேகத்தில் இரண்டையும் மாறி மாறி ஓட விடுங்கள்.

கைப்பேசியைத் தம்பியிடமோ பாட்டியிடமோ காட்டி, "எது விழுகிறது, எதை யாரோ இழுக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் எதுவும் முதலில் சொல்ல வேண்டாம். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால், உங்கள் முதல் அனிமேஷன் பாடம் முடிந்துவிட்டது. சொல்லவில்லை என்றால் இடைவெளிகளை மறுபடியும் அளந்து பாருங்கள்.